பக்கத்திலேயே நேரில் கற்க நல்ல மசாஜ் வகுப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? மணிநேரமும் வேண்டும், கட்டைவிரலும் வலிக்கிறது

வலதுகட்டைவிரல்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக மசாஜ் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் 24 மணிநேரத் தொடர்கல்வி முடித்ததாகக் காட்ட வேண்டும், இப்போதைக்கு என்னிடம் இருப்பது 6 மணிநேரம், அதுவும் முழுக்க ஆன்லைனில் சேர்த்தது.

போன முறை என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசி மூன்று வாரம் ராத்திரியில் பிள்ளை தூங்கிய பிறகு வீடியோவை ஓடவிட்டு, பாதி கேட்டும் பாதி கேட்காமலும், கடைசியில் வரும் பத்துக் கேள்விக்கு டிக் அடித்து மணிநேரத்தைச் சேர்த்தேன். சான்றிதழ் வந்தது, லைசென்ஸும் வந்தது. மேசைக்குத் திரும்பினால் என் கை பழைய வரிசையைத்தான் போட்டது, முதுகில் நீள் தடவல், அப்புறம் தோள், அப்புறம் கட்டைவிரலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்தம். படித்த 24 மணிநேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கைக்கு வரவில்லை.

இந்த முறை அப்படி விட முடியாததற்கு இரண்டு காரணம். ஒன்று என் வலது கட்டைவிரல். அடிப்பக்கம், மணிக்கட்டோடு சேரும் இடத்தில், பாட்டில் மூடியைத் திருகினாலே சுரீர் என்று இழுக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு மூட்டு இன்னும் தேயவில்லை, ஆனால் வேலை செய்யும் விதத்தை மாற்றாவிட்டால் தேயும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, இந்த ஒரு வருடத்தில் மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்த மூன்று பெண்கள் என்னிடம் நேரம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பினேன். அனுப்பியது சரிதான், ஆனால் மூன்றாவதாக வந்தவர் "எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் மனதில் கிடக்கிறது.

பெரிய பெயர் உள்ள பயிற்சிகள் எல்லாமே தொலைவில் நடக்கின்றன. நான்கைந்து நாள் வேலையை விட்டு, பிள்ளையை விட்டுப் போக என்னால் ஆகாது. பக்கத்தில் தேடினால் ஒரு நாள் சூடான கல் மசாஜ், ஒரு நாள் முக மசாஜ், அவ்வளவுதான் கண்ணில் படுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்தில் நடக்கிறதே என்று ஒரு வார இறுதிப் பயிற்சியில் சேர்ந்தேன். 22 பேர், ஆறு மேசை, ஒரே ஆசிரியர், அவர் கை என் கையருகில் ஒரு முறைகூட வரவில்லை. முடிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழை லைசென்ஸ் தரும் உரிமக் குழு ஏற்காது என்று தெரிந்தது.

நீங்கள் எங்கே தேடுகிறீர்கள், எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

பழையமேசை

தங்கச்சி, முதலில் கட்டைவிரலைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் மணிநேரம் இல்லாவிட்டால் அபராதம் கட்டி மீளலாம், கட்டைவிரல் மூட்டுப் போனால் இந்தத் தொழிலே போய்விடும். நான் இதில் 22 வருடம். எட்டாவது வருடத்தில் நீங்கள் சொல்லும் அதே இடத்தில் எனக்கும் வலித்தது.

எனக்கு அதைச் சரிசெய்தது ஒரே ஒரு மதியம். உடல் இயக்கம் பற்றிய சின்ன வகுப்பு, எட்டுப் பேர்தான். ஆசிரியர் என்னை மேசையில் ஒருவர் முதுகில் வேலை செய்யச் சொல்லிவிட்டு என் பின்னால் வந்து நின்றார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பின்காலின் குதிகாலைத் தன் கால்விரலால் மெல்லத் தட்டி "இது ஏன் தரையில் இல்லை?" என்று கேட்டார். நான் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, தோளை ஏற்றிக்கொண்டு, கையால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன், எட்டு வருடமாக. குதிகாலை ஊன்றி, முன்முழங்காலை மடக்கி, இடுப்பை முன்னால் கொண்டுபோனபோது எடை தானாக முன்கை வழியாக இறங்கியது. மேசையில் படுத்திருந்தவர் "ஆ, இப்போதுதான் ஆழமாகப் போகிறது" என்றார். நான் பாதி முயற்சிகூடப் போடவில்லை. அப்புறம் மேசையின் உயரத்தை நாலு விரற்கடை இறக்கச் சொன்னார். இதை எந்த வீடியோவிலும் நான் கற்றிருக்க முடியாது, ஏனென்றால் என் குதிகால் தூக்கியிருப்பது எனக்கே தெரியாது.

ஆக உங்களுக்கு என் முதல் பரிந்துரை, முன்கை, முழங்கை, விரல்முட்டி வைத்து வேலை செய்யச் சொல்லித்தரும் வகுப்பு. அது எந்தப் பெயரில் வந்தாலும் சரி.

தேடுவது பற்றி. கூகுளில் "மசாஜ் பயிற்சி" என்று போட்டால் விளம்பரத்துக்குச் செலவு செய்பவர்கள்தான் வருவார்கள். நான் தேடும் வழி வேறு. உங்கள் உரிமக் குழுவின் தளத்தில் அங்கீகரித்த பயிற்றுநர் பட்டியல் இருந்தால் அதில் தூரத்தை வைத்து வடிகட்டுங்கள். பட்டியல் இல்லையென்றால் பணம் கட்டும் முன் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல், "இன்ன பயிற்சி, இன்னாருடையது, இத்தனை மணிநேரம், ஏற்பீர்களா" என்று. பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போன முறை நடந்தது இந்த ஒரு மின்னஞ்சலில் தடுத்திருக்கக்கூடியது. இன்னொன்றையும் பாருங்கள், பல இடங்களில் 50 நிமிடத்தையே ஒரு தொடர்கல்வி மணியாகக் கணக்கிடுகிறார்கள். நேரடி வகுப்பில் இத்தனை மணிநேரம் கட்டாயம், தொழில் ஒழுக்கத்தில் இத்தனை கட்டாயம் என்ற பிரிவுகளும் பெரும்பாலும் இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் படித்த பள்ளிக்கே போன் போடுங்கள். பழைய மாணவர்களை ஒரு பாடத்தில் மறுபடி உட்கார அனுமதிக்கும் பள்ளிகள் உண்டு, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, கேட்டால்தான் தெரியும். சில மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவோ வலி நிவாரணப் பிரிவோ வெளியாட்களுக்கு அரை நாள் வகுப்பு நடத்தும். பிசியோதெரபி கல்லூரிகளில் மாலை நேரச் சொற்பொழிவு இருக்கும். நீண்ட தூர ஓட்டப் போட்டிகளில் முடிவுக் கோட்டில் மசாஜ் செய்யத் தன்னார்வலர்களை எடுப்பவர்கள் முன்னதாக ஒரு பயிற்சி தருவார்கள். அதற்கு மணிநேரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரே நாளில் முப்பது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் வராது. முதலுதவியும், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் சிபிஆரும் செஞ்சிலுவைச் சங்கத்தில் நேரில் கற்கலாம், அதையும் தொடர்கல்வியில் சேர்க்க முடியுமா என்று உங்கள் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடற்கூறு ஆய்வகம் உள்ள மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்து, தெரபிஸ்டுகளுக்கு ஒரு நாள் அனுமதித்தால் யோசிக்காமல் போங்கள். படத்தில் சிவப்பாக, தனித்தனியாக இருக்கும் தசைகள் உள்ளே ஒன்றோடொன்று வெள்ளை நார்ப்படலத்தால் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்த பிறகு என் கை வேறு விதமாகப் போக ஆரம்பித்தது. இடுப்பெலும்புக்குக் கீழே பிரிஃபார்மிஸ் தசையையும் அதன் அடியில் வெளிவந்து காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பையும் அன்றுதான் பார்த்தேன், விரல் பருமன் இருந்தது. அதற்கு மேல் முழங்கையைக் கண்மூடித்தனமாக நட்டுக்கொண்டிருந்தேனே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இளம்பச்சைத்துண்டு

நான் ஆன்லைனுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்கு மிக அருகில் உள்ள வகுப்பே ஆறு மணிநேரப் பயணம். கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு உட்கார்ந்தால் ஆன்லைனில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை, எதற்கு அதைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. நோயியல், மருந்துகள், குறிப்பெழுதுவது, தொழில் ஒழுக்கம் இவற்றுக்கெல்லாம் யாரும் என் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. நிறுத்தி, திரும்ப ஓட்டி, எழுதிக்கொண்டு படிக்கலாம்.

ரத்த உறைவு பற்றிய ஒரு ஆன்லைன் பாடம் முடித்து ஒரு மாதம் இருக்கும். வழக்கமாக வரும் ஒருவர் நீண்ட விமானப் பயணம் முடித்து வந்து "இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நல்லா ஆழமா அழுத்துங்க" என்றார். தொடும் முன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கால் கொஞ்சம் பருத்து, தோல் பளபளவென்று, புறங்கையை வைத்தால் சூடு. பாடத்தில் சொன்னபடி அளவு நாடா எடுத்தேன், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலிலும் சுற்றளவு. 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர்கள் அதை ஒரு முக்கியமான அறிகுறியாக எடுப்பார்கள். அவருக்கு நாலரை செ.மீ. இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், நடந்து போகாதீர்கள், யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றேன். உறைவுதான். அழுத்தியிருந்தால் உறைந்த ரத்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வித்தியாசம் இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை, அதையும் அந்தப் பாடத்திலேயே சொன்னார்கள், சந்தேகம் வந்தால் தொடாமல் அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பாடம் ஒன்றரை மணிநேரம். அதனால் ஆன்லைனை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கை வித்தையை மட்டும் திரையில் கற்கப் பார்க்காதீர்கள், அதில் பழையமேசை அண்ணன் சொன்னதுதான் என் அனுபவமும்.

தோலுக்கடியில்

மார்பக அறுவை முடிந்தவர்கள் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்காகவே லாகின் செய்தேன். நான் பதினோரு வருடமாகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களோடு வேலை செய்கிறேன். அந்த மூன்றாவது பெண் சொன்ன வாக்கியத்தை நானும் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். மசாஜ் செய்தால் புற்று பரவும் என்ற பயத்தில் அவர்களை யாரும் தொடுவதே இல்லை. லேசான தடவலால் புற்றுநோய் பரவுவதில்லை. கட்டி இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது, அது வேறு விஷயம். கவனிக்க வேண்டியவை வேறு, அவற்றைக் கேட்கத் தெரிவதுதான் முதல் பயிற்சி. எத்தனை நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள், எந்தப் பக்கம், கதிர்வீச்சு உண்டா, மார்பில் மருந்து ஏற்றும் போர்ட் இருக்கிறதா, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருக்கிறதா, எலும்புக்குப் புற்று பரவியிருக்கிறதா, விரல்நுனிகள் மரத்திருக்கின்றனவா. தட்டணு குறைந்தவரை வழக்கமான அழுத்தத்தில் பிடித்தால் மறுநாள் உடம்பெல்லாம் நீலம் பூத்திருக்கும்.

அக்குளில் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கைக்கு வீக்கம் வரும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க உண்டு. அந்தக் கை மட்டும் இல்லை, அந்தப் பக்கத்து மேல்முதுகும் மார்பும் அதே அக்குளை நோக்கித்தான் வடிகின்றன. இது தெரியாமல் "கையைத் தொடவில்லையே" என்று தோள்பட்டையை ஆழமாகப் பிசைபவர்கள் இருக்கிறார்கள்.

தேங்கிய நிணநீரை லேசான கையால் நகர்த்தும் நிணநீர் வடிகால் முறையைக் கொண்டுவந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும். பிரான்சில் கான் நகரில் வேலை செய்தபோது, ஓயாத சளியோடு கழுத்து முடிச்சுகள் வீங்கி வந்தவர்களிடம் கைவைத்துப் பார்த்து உருவாக்கினார்கள், 1936இல் பாரிசில் வெளியிட்டார்கள். முடிச்சுகளை யாரும் தொடத் துணியாத காலம் அது. நான் கற்றபோது எனக்கு மிகக் கடினமாக இருந்தது குறைவாகச் செய்வதுதான். பத்து வருடம் ஆழமாக அழுத்திப் பழகிய கை. ஆசிரியர் எங்கள் ஒவ்வொருவர் கையையும் ஒரு சமையலறைத் தராசின் மேல் வைக்கச் சொன்னார், முள்ளைப் பார்க்காமல் "லேசான அழுத்தம்" கொடுக்கச் சொன்னார். எல்லோருடைய முள்ளும் எங்கேயோ போய் நின்றது. தோலுக்கு நேர் கீழே இருக்கும் நிணநீர் நுண்குழாய்கள் அவ்வளவு மெல்லியவை, சுற்றியுள்ள திசுவோடு நுண்ணிய இழைகளால் கட்டப்பட்டவை, தோலை மெல்ல இழுத்து விட்டால் இழை இழுபட்டு வாய் திறக்கும், அழுத்தினால் நசுங்கி மூடிக்கொள்ளும். கை வழுக்கக் கூடாது, எண்ணெயே கிடையாது, தோலோடு சேர்ந்து போய்த் தோலோடு திரும்ப வேண்டும். வீங்கிய கையில் ஆரம்பிக்கவும் கூடாது. முதலில் கழுத்தும் காறையெலும்புக்கு மேல் உள்ள பள்ளமும், ஏனென்றால் நிணநீர் அங்கேதான் ரத்தத்தில் போய்ச் சேர்கிறது, போகும் வழியைக் காலி செய்யாமல் பின்னாலிருந்து தள்ளி என்ன பயன்.

ஆனால் ஒன்று. ஒரு வார இறுதி அறிமுக வகுப்பு முடித்துவிட்டு நிணநீர் வீக்கத்துக்குச் சிகிச்சை தருகிறேன் என்று பலகை வைக்காதீர்கள். முழுப் பயிற்சி கட்டு கட்டுவது, தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி எல்லாம் சேர்த்து 135 மணிநேரம் என்ற அளவில் போகும். உங்களுக்கு இப்போது வேண்டியது அது இல்லை என்று நினைக்கிறேன். புற்றுநோய் முடித்தவர்களைப் பாதுகாப்பாக மேசையில் படுக்கவைத்து, எங்கே தொடலாம், எவ்வளவு தொடலாம் என்று தெரிந்து ஒரு மணிநேரம் நிம்மதி தருவதற்கான வகுப்பு, அது இரண்டு மூன்று நாள் பயிற்சியாகவே கிடைக்கிறது. பக்கத்து மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். இதை யார் நடத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும், நடத்தாவிட்டாலும் நோயாளிகள் குழுவில் உட்கார்ந்து கேட்க விடக்கூடும். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

வலதுகட்டைவிரல்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழையமேசை அண்ணா, படித்தவுடன் எழுந்து மேசைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், என் பின்குதிகாலும் தூக்கித்தான் இருக்கிறது. மேசையும் எனக்கு உயரம். தோலுக்கடியில் அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு சந்தேகம். பக்கத்தில் வகுப்பு ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு அது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

கற்றுக்கொடுப்பவள்

நான் வகுப்பு நடத்துகிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சேரும் முன் போன் போட்டுப் பேசுங்கள். பேச மறுக்கும் ஆசிரியரிடம் போக வேண்டாம். எத்தனை பேர், எத்தனை மேசை, உதவி ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். இருவருக்கு ஒரு மேசை இல்லையென்றால் அது செய்முறை வகுப்பே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் என்னால் ஒருத்தியாக எல்லோர் கையையும் தொட்டுத் திருத்த முடியாது, அதனால் இன்னொருவரை வைத்துக்கொள்கிறேன். செய்முறை நேரத்தில் பாதி உங்கள் கை ஒருவர் உடம்பில் இருக்க வேண்டும். மீதிப் பாதியில் நீங்கள் மேசையில் படுத்திருக்க வேண்டும், அதைப் பலர் ஓய்வு நேரம் என்று நினைக்கிறார்கள். நான் கற்றதில் பெரும்பகுதி படுத்திருந்தபோதுதான் கற்றேன். ஒரே அசைவை நாலு பேர் கையில் வாங்கும்போது எது இறங்குகிறது, எது தோலிலேயே நிற்கிறது என்று உடம்புக்குப் புரியும்.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள், "மசாஜ் முடிந்து ஏன் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம்?" நச்சு வெளியேற, லாக்டிக் அமிலம் கழுவிப் போக என்று பதில் வந்தால் அந்த ஆசிரியர் படிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. உடற்பயிற்சியில் சேரும் லாக்டேட் ஒரு மணிநேரம் போல ஆனால் ரத்தத்திலிருந்து தானாகவே போய்விடும். 2010இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், கைப்பிடிப் பயிற்சிக்குப் பின் முன்கையில் மசாஜ் செய்தபோது தசைக்குப் போகும் ரத்தம் குறைந்து லாக்டிக் அமிலம் வெளியேறுவது தாமதப்பட்டது. நானே முதல் ஏழு வருடம் அந்த லாக்டிக் அமிலக் கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன், தெரிந்த அன்றே பழைய மாணவர்களுக்கு எழுதித் திருத்தினேன். மசாஜால் பயன் உண்டு, வலி குறைகிறது, பதற்றம் குறைகிறது, அதைச் சொன்னாலே போதும்.

வேறு இடத்தில் வலியைக் காட்டும் தசை முடிச்சுகளைப் பற்றிய டிரிகர் பாயிண்ட் வகுப்புகளுக்கும் இதே அளவுகோல்தான். ஜேனட் டிராவலும் டேவிட் சைமன்ஸும் 1983இல் வெளியிட்ட வலி வரைபடங்கள் இன்றும் வேலைக்கு உதவுகின்றன. கழுத்தின் முன்பக்கத் தசையில் இருக்கும் முடிச்சு நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வலிக்கவைக்கும், பிட்டத்தின் சின்னத் தசையில் இருப்பது கால் முழுக்க ஓடி சியாட்டிக் நரம்பு வலி போலவே காட்டும். ஆனால் அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. நல்ல ஆசிரியர் இரண்டையும் சொல்வார். கழுத்தின் முன்பக்கத்தைச் சொல்லித்தரும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி எங்கே ஓடுகிறது என்று உங்கள் விரலை வைத்துத் துடிப்பை உணரவைத்த பிறகுதான் தசையைப் பிடிக்க விடுவார். திடீரென்று வந்த, இதுவரை அனுபவிக்காத கழுத்துவலியும் தலைவலியும் தலைசுற்றலும் சேர்ந்து இருந்தால் கழுத்தைத் தொடாமல் உடனே மருத்துவமனை என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்வார். இதைச் சொல்லாமல் கழுத்து வகுப்பு எடுப்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

சான்றிதழில் உங்கள் பெயர், தேதி, மணிநேரம், பயிற்றுநரின் அங்கீகார எண் எல்லாம் இருக்க வேண்டும். அடுத்த புதுப்பித்தல் முடியும்வரை பத்திரமாக வையுங்கள், திடீரென்று சரிபார்ப்பு வரும். சான்றிதழ் இருப்பதாலேயே உங்கள் லைசென்ஸ் அனுமதிக்காததைச் செய்ய முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். முதுகெலும்பைச் சொடுக்கெடுப்பது, ஊசி குத்துவது இதெல்லாம் எத்தனை வகுப்பு போனாலும் நம் வேலை இல்லை.

பக்கத்தில் நல்ல வகுப்பே இல்லையென்றால் கடைசியாக ஒரு வழி இருக்கிறது, ஆசிரியரை வரவையுங்கள். எட்டு தெரபிஸ்ட் சேர்ந்து, ஒரு அறையும் நான்கு மேசையும் தயார் என்று எழுதினால் நான் போகிறேன், என்னைப் போலப் பலர் போகிறார்கள். வகுப்பு அங்கீகாரம் ஆசிரியருடையது என்பதால் மணிநேரமும் பெரும்பாலும் கிடைக்கும். இடம் மாறினால் தனி அனுமதி வேண்டுமா என்று மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம்பச்சைத்துண்டு

எட்டுப் பேர் சேர்ப்பது கஷ்டம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் மூன்று பேராகத் தொடங்கினோம், மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் வீட்டில் ஒரு மேசை. ஒருவர் படுக்க, ஒருவர் செய்ய, மூன்றாமவர் கால், தோள், மணிக்கட்டை மட்டும் பார்ப்பார். போனைப் பக்கவாட்டில் வைத்துப் படமும் எடுப்போம், எங்களுக்குள் மட்டும், பார்த்ததும் அழித்துவிடுவோம். இதற்கு மணிநேரம் கிடையாது. ஆனால் ஒரு வருடத்தில் பதினொரு பேர் ஆகிவிட்டோம், போன ஆண்டு ஆசிரியர் ஒருவர் எங்களிடம் வந்தார், ஆறு மணிநேரப் பயணம் இந்த முறை அவருடையது.

பழையமேசை

கற்றுக்கொடுப்பவள் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. கூட்டம் சின்னதா பெரியதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நாற்பது பேர் வகுப்பில் நான் நன்றாகக் கற்றதும் உண்டு, ஐந்து உதவி ஆசிரியர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். மற்றபடி அவர் எழுதியதில் ஒரு வரியையும் விட வேண்டாம். அப்புறம் தங்கச்சி, வகுப்பு கிடைக்கும்வரை கட்டைவிரலால் அழுத்துவதை நாளைக்கே நிறுத்துங்கள். கட்டைவிரல் வைத்தே ஆக வேண்டிய இடம் வந்தால் அதை மடக்காமல், மணிக்கட்டோடு ஒரே நேர்கோட்டில் வைத்து, மேலே இன்னொரு கையைத் தாங்கலாக வையுங்கள்.

வலதுகட்டைவிரல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். படித்த பள்ளிக்குப் போன் போட்டேன். அண்ணன் சொன்னது சரி, உடல் இயக்கப் பாடத்தில் பழைய மாணவர்கள் உட்காரலாமாம், நான்கு சனிக்கிழமை, மொத்தம் 12 மணிநேரம், உரிமக் குழு ஏற்கும் என்று எழுத்திலேயே வாங்கிவிட்டேன். தொழில் ஒழுக்கத்துக்கு வேண்டிய மணிநேரத்தை ஆன்லைனில் முடிக்கப் போகிறேன், இந்த முறை நோட்டுப் புத்தகத்தோடு.

மருத்துவமனையில் சமூகப் பணியாளரைப் பார்த்தேன். பயிற்சி எதுவும் அவர்கள் நடத்தவில்லை. ஆனால் என்னைப் போலவே கேட்டு இன்னும் இரண்டு தெரபிஸ்டுகள் வந்திருக்கிறார்களாம், எண் தரட்டுமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத் தந்தார். ஒருவர் வீடு என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். நேற்று மூவரும் சந்தித்தோம். மேசையை நாலு விரற்கடை இறக்கிவிட்டு, நான் செய்ய, ஒருவர் படுக்க, ஒருவர் என் குதிகாலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முப்பது நிமிடத்தில் பதினான்கு முறை தூக்கினேனாம். கட்டைவிரலை ஒரு முறைகூட அழுத்தவில்லை. கற்றுக்கொடுப்பவள் மேடம், எங்களுக்கு இன்னும் ஐந்து பேர் வேண்டும், சேர்ந்ததும் உங்களுக்கு எழுதலாமா?

கற்றுக்கொடுப்பவள்

எழுதுங்கள். ஐந்து பேருக்குக் காத்திருக்க வேண்டாம், மூன்று பேர் வந்தாலும் பேசலாம். நான்கு மேசை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், உயரத்தை மாற்ற முடிகிற மேசையாக.